ஒரு புள்ளி தவறினால் பணம் தவறும்!

உங்கள் பாஸ்புக்கில் வட்டி ஏறுகிறது. அந்தக் கணக்கைப் போடுவது யார்?

கம்ப்யூட்டர்தான். ஆனால் அதற்குச் சொந்த புத்தி கிடையாது. "இதைக் கூட்டு, அதைக் கழி" என்று மனிதர் எழுதிக் கொடுத்தபடிதான் நடக்கும். அப்படி எழுதியதற்கு "புரோகிராம்" என்று பெயர்.

உலகத்தின் பெரிய வங்கிகள் பலவற்றில் இன்றும் ஓடுவது, 40, 50 ஆண்டுகளுக்கு முன் எழுதிய புரோகிராம்! அதை எழுதிய மொழி, கோபோல். (நம் ஊர் கோபால் அல்ல!) 1959-ல் அமெரிக்காவில் இந்த மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முன்பே செய்திருந்த மொழிதான் அதற்கு அடிப்படை.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் என்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். மகன் புத்தம் புதிதாக ஏதோ செய்கிறான் என்று வீட்டில் பெருமை. அவனோ, அவன் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிய புரோகிராமைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பான்!

அங்கேதான் தகராறு.

சுற்று வழி

பழைய புரோகிராம்களில் "அங்கே போ" என்ற கட்டளை அதிகம். அங்கே போனால், "இன்னோர் இடத்துக்குப் போ" என்று இருக்கும். வடசேரியில் நின்று கோட்டாறுக்கு வழி கேட்டவரை, "சுசீந்திரம் போங்கள், அங்கே ஒருவர் சொல்லுவார்" என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். இந்தக் கட்டளை தீங்கானது என்று நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-லேயே எழுதினார்.

இன்னொரு தொல்லை, முற்றுப்புள்ளி.

"முதியவர் கணக்கு என்றால், சலுகை என்று குறி, வட்டியில் அரை சதவீதம் கூட்டு." இது கட்டளை என்று வைத்துக்கொள்வோம். "குறி" என்ற சொல்லுக்குப் பின்னால் தவறி ஒரு புள்ளி விழுந்தால் என்ன ஆகும்? நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும். முதியவர், இளையவர் எல்லோருக்கும் அரை சதவீதம் கூடும்!

1985-ல் வந்த புதிய விதியில் இதற்கு மருந்து இருக்கிறது. "நிபந்தனை இத்துடன் முடிந்தது" என்று வெளிப்படையாக எழுதலாம். கண்ணுக்குத் தப்பாது.

"அப்படியே எழுதலாமே" என்கிறார்கள் இளைஞர்கள். "நன்றாக ஓடுகிறதே, ஏன் கை வைக்க வேண்டும்?" என்கிறார்கள் மூத்தவர்கள்.

ஓலையும் புள்ளியும்

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிய வழக்கு அல்ல. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். நிலம், வரி போன்ற விவகாரங்கள் அடங்கிய ஓலைகள் அவை.

பழைய ஓலைகளில் பொதுவாகப் புள்ளி வைப்பது இல்லை. "எரி" என்று இருந்தால் அது நெருப்பா, ஏரியா? விஷயம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அச்சிட்டவர்கள் புள்ளி வைத்தார்கள், சொல் பிரித்தார்கள். சரக்கு மாறவில்லை. நாம் படிக்க முடிந்தது. ஆனால் விஷயம் தெரியாதவர் புள்ளி வைத்திருந்தால்? ஏரி நெருப்பாகி இருக்கும்!

ஆகவே, புதிய நடை வேண்டும். படிக்க முடியாத கணக்கு ஆபத்தானது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகைக்கு முண்டியடித்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பழைய கம்ப்யூட்டர் அமைப்பு திணறியது. கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று கவர்னர் பில் மர்பி கேட்டுக்கொண்டார்.

அதற்காக ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவதும் கூடாது. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கி, வாடிக்கையாளர் கணக்குகளை ஒரேயடியாகப் புதிய அமைப்புக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். (அது நடை மாற்றம் அல்ல, வீடே மாற்றியது. ஆனாலும் அவசரத்தின் பலன் ஒன்றுதான்.)

எங்கே தொடுவது?

பழுது பார்க்கக் கை வைக்கும் இடத்தில் மட்டும் புதிய நடையில் எழுதட்டும். எழுதியபின் பழையதையும் புதியதையும் ஒரே கணக்குகளின் மேல் ஓட்டிப் பார்க்கட்டும். ஒரு காசு வித்தியாசம் வந்தாலும், காரணம் தெரியும்வரை புதியது வெளியே போகக் கூடாது. பாதி பழசு, பாதி புதுசு என்று பார்க்க அழகாக இராதுதான். இருக்கட்டுமே!

வினோதமாகத் தோன்றும் வரிகளை முட்டாள்தனம் என்று அழித்துவிடவும் கூடாது. துளை போட்ட ஒரு அட்டையில் 80 எழுத்துதான் கொள்ளும் என்று இருந்த காலம் அது. இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டே எண்ணில் எழுதினார்கள். 2000-ம் ஆண்டு நெருங்கியபோது அதைத் திருத்த உலகமே ஓடியது. திருவிதாங்கூரிலும் இந்தப் பழக்கம் உண்டு. 1924-ல் வந்த பெருவெள்ளத்துக்கு "99 வெள்ளம்" என்றே பெயர். அது கொல்லம் ஆண்டு 1099. விவரம் தெரியாத வெளியூர்க்காரர் 1999 என்றுதான் நினைப்பார்!

இந்த விவரங்கள் எல்லாம் மூத்தவர்களின் தலைக்குள் இருக்கின்றன. அவர்கள் ஓய்வு பெற்று வருகிறார்கள். போவதற்குமுன் இளைஞர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு நிர்வாகம் நேரமும் சம்பளமும் தரவேண்டும். வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலை என்பதால், இதற்குத்தான் முதலில் பணம் இல்லை என்பார்கள். பழைய கோபோலைப் புதிய மொழிக்கு மாற்றித் தரும் கருவியை 2023-ல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்தது. அந்தக் கருவி மாற்றித் தந்ததைச் சரிபார்க்கவும் அதே மூத்தவர்தான் வேண்டும்.