தாயின் மொழிக்கு எத்தனை புள்ளி?

மகப்பேற்று, பெண்ணோயியல் துறையில் நிபுணராக விரும்பும் இளம் வைத்தியர் ஒருவர் கடந்து செல்ல வேண்டிய பாதை நீண்டது. ஐந்தாண்டு மருத்துவக் கல்வி. ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அதன் பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் எம்.டி. முதற்பகுதிப் பரீட்சை. தேறினால் பிரசவ விடுதிகளிலும் சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் இரவு பகல் பாராத பயிற்சி. பிறகு இறுதிப் பரீட்சை. அதன் பின்னும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாகப் பயிற்சி. இவற்றோடு பலர் லண்டனில் உள்ள மகப்பேற்று, பெண்ணோயியலாளர் ரோயல் கல்லூரியின் எம்.ஆர்.சி.ஓ.ஜி. பரீட்சைக்கும் தோற்றுகின்றனர். இருபது வயதில் மருத்துவ பீடத்துள் நுழைந்தவர் நிபுணர் என்ற பெயரோடு வெளியே வருகையில் முப்பதுகளின் நடுப்பகுதியை எட்டியிருப்பார்.

இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. நமது குற்றச்சாட்டு பரீட்சார்த்திகள் மீதல்ல, பரீட்சையின் மீது. இத்தனை படிகளையும் தாண்டிய ஒருவர், தமிழ் பேசும் தாயொருத்தியிடம் "எங்கே நோகிறது, எப்போதிருந்து நோகிறது?" என்று கேட்கத் தெரியாமலே மகப்பேற்று நிபுணராகி விடலாம். தமிழ் மக்கள் வாழும் மாவட்டமொன்றுக்கு நியமனமும் பெறலாம். இது யாருக்கும் விந்தையாகப் படவில்லை என்பதுதான் விந்தை.

தாயோடு பேசும் திறனைப் பரீட்சையில் சோதிக்க முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். எம்.ஆர்.சி.ஓ.ஜி. பரீட்சையின் மூன்றாம் பகுதி 2016 இல் தனிப் பரீட்சையாக அறிமுகமானது. அதில் 14 நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடங்கள். அங்கே மதிப்பிடப்படுபவை ஐந்து: நோயாளியின் பாதுகாப்பு, நோயாளியோடும் குடும்பத்தாரோடும் உரையாடுதல், சக ஊழியரோடு உரையாடுதல், தகவல் திரட்டுதல், மருத்துவ அறிவைப் பிரயோகித்தல். ஐந்தில் இரண்டு பேச்சைப் பற்றியவை. தகவல் திரட்டுவதும் பேச்சின்றி நடவாது. மருத்துவர் அல்லாத பொதுமக்களும் சில நிலையங்களில் பரீட்சகர்களாக அமர்கிறார்கள். "இவர் சொன்னது எனக்கு விளங்கியதா?" என்பதே அவர்களுடைய அளவுகோல்.

இதற்காக நமது வைத்தியர்கள் எப்படித் தயாராகிறார்கள்? நண்பர்களை நோயாளிகளாக நடிக்க வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். வயிற்றில் இறந்துவிட்ட குழந்தையின் செய்தியைத் தாய்க்கு ஆங்கிலத்தில் எப்படி மென்மையாகச் சொல்வது, எந்த இடத்தில் மௌனம் காப்பது, எப்போது கைக்குட்டையை நீட்டுவது என்றெல்லாம் ஒத்திகை பார்க்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அதே செய்தியை வவுனியாவிலோ நுவரெலியாவிலோ மட்டக்களப்பிலோ ஒரு தாய்க்குச் சொல்ல நேரும் நாளில், பயின்ற அந்த மென்மை எந்த மொழியில் வெளிவரும்? பெரும்பாலும் விடுதிச் சிற்றூழியர் ஒருவரின் வாய்வழியாக, "பிள்ளை இல்லையாம்" என்ற இரண்டு சொற்களில்.

இப்பரீட்சைக்குப் படிப்பவர்கள் தவறாது படிக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரைச் சேர்ந்த மொன்ட்கொமரி என்ற தாயின் வழக்கு. அவர் நீரிழிவு நோயாளி. சிறிய உடலமைப்புக் கொண்டவர். பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் அவருக்கு இருந்தது. வைத்தியர் அதைச் சொல்லவில்லை. 1999 இல் பிறந்த குழந்தை மூளைப் பாதிப்புக்கு உள்ளானது. 2015 மார்ச் மாதத்தில் பிரித்தானிய உயர்நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு பெண் அறிய விரும்பக்கூடிய அபாயங்களை அவளுக்கு விளங்கும் வகையில் எடுத்துச் சொல்வது வைத்தியரின் கடமை. அவள் கிரகிக்க முடியாத தொழில்நுட்ப விபரங்களைக் கொட்டுவதால் அக்கடமை நிறைவேறாது. சம்மதப் படிவத்தில் வழமைபோல் கையொப்பம் வாங்குவதால் ஒருபோதும் நிறைவேறாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை வரிவரியாகப் படித்துப் புள்ளி பெற்றவர்கள் பணியாற்றும் நாட்டில், சிசேரியன் சத்திரசிகிச்சைக்கான சம்மதம் தமிழ்த் தாயிடமிருந்து எவ்வாறு பெறப்படுகிறது? "இதில் கையெழுத்து வையுங்கோ" என்று ஒரு குரல். எதற்கு என்று கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? கேட்டாலும் பதில் சொல்லும் மொழி மறுபக்கத்தில் இல்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பெறப்படும் சம்மதமும் இப்படித்தான் என்றால், மலையகத்தில் அதுபற்றி நெடுங்காலமாக நிலவும் ஐயத்துக்கு மக்களின் அறியாமையைக் குறை கூறிப் பயனில்லை.

மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்களே என்பது வழமையான மறுமொழி. பத்திரிகை அலுவலகத்தில் ஆங்கிலச் செய்தியையும் சிங்களச் செய்தியையும் தமிழாக்கியே காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற வகையில் இதற்குப் பதில் கூற எனக்குச் சிறிது உரிமை உண்டு. அவசரத்தில், பயிற்சியற்றவர் செய்யும் மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது நுணுக்கம். செய்தியில் நுணுக்கம் உதிர்ந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். பிரசவ அறையில் மறுநாள் என்பது சிலருக்கு வாய்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்துப் பெண் "முழுகாமல் இருக்கிறன்" என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது பொருள்; குளிக்கவில்லை என்பதல்ல. மலையகத்துப் பெண் "மாசமா இருக்கேன்" என்பாள். வடக்கில் "சத்தி" என்பது மலையகத்தில் "வாந்தி". வடக்கில் "தலையிடி" என்பது அங்கே "தலைவலி". "தலையிடிக்குது, கண் மங்கலாக்கிடக்கு, நெஞ்சடியில நோகுது" என்று கர்ப்பிணி ஒருத்தி முறையிடுவாளாயின், உயர் இரத்த அழுத்தம் முற்றி வலிப்பாக மாறப்போவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். இடையில் நிற்பவர் அதை "தலைவலியாம்" என்று சுருக்கிவிட்டால் அவளுக்குக் கிடைக்கப்போவது இரண்டு பரசிற்றமோல் குளிசைகள். "பிள்ளை துடிப்புக் குறைவு" என்ற மூன்று சொற்களைச் சரியாகக் கேட்டுக்கொள்வதில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் முக்கியம். பல வேளைகளில் மாமியார். அல்லது அடுத்த கட்டிலில் இருப்பவர். முன்னர் கருக்கலைப்புச் செய்ததை, கணவன் அடிப்பதை, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பதை மாமியாரின் வாய்வழியாக எந்தப் பெண் வைத்தியருக்குச் சொல்வாள்? பிரித்தானியாவில் 1952 முதல் தாய் மரணங்கள் பற்றிய இரகசிய விசாரணைகள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன. 2011 இல் வெளிவந்த அறிக்கையின் முதன்மையான பத்துப் பரிந்துரைகளுள் ஒன்று, ஆங்கிலம் தெரியாத கர்ப்பிணிகளுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது. உறவினரை அப்பணிக்கு அமர்த்தலாகாது என்பதையும் அவ்வறிக்கைகள் வலியுறுத்தின. இந்த அறிக்கைகளும் பரீட்சைக்குப் படிக்கப்படுபவையே. லண்டன் வைத்தியசாலையில் பிரசவிக்கும் ஈழத்துப் பெண் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். சொந்த நாட்டில் பிரசவிக்கும் அவளுடைய தங்கைக்கு அதைக் கேட்கலாம் என்பதே தெரியாது.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் பயிற்சி பெறச் செல்லும் நமது வைத்தியர் அங்கு பதிவு பெறுவதற்குத் தமது ஆங்கிலத் தேர்ச்சியை நிரூபிக்க வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை எனில் மொத்தமாக 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7. ஜேர்மனியில் மருத்துவ ஜேர்மன் மொழிக்கெனத் தனிப் பரீட்சையே உண்டு. நமது வைத்தியர்கள் முணுமுணுக்காமல் இவற்றுக்குத் தோற்றிச் சித்தியடைகிறார்கள். அந்நியத் தாயின் மொழியைக் கற்க முடிந்தவர்களுக்கு அயலூர்த் தாயின் மொழியைக் கற்க முடியாதா? முடியும். எவரும் கேட்பதில்லை, ஆகவே எவரும் கற்பதில்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவன் படிப்பான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 யூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை கூறியது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டும் வந்தன. ஆனால் சுற்றறிக்கைக்காகப் பெறப்படும் சான்றிதழ் சம்பள ஏற்றத்துக்கு உதவும். பிரசவ அறையில் உதவாது. விண்ணப்பப் படிவம் நிரப்பும் மொழி வேறு. நோவில் துடிக்கும் பெண்ணின் மொழி வேறு.

இது சிங்கள வைத்தியர்களுக்கு எதிரான வாதம் என்று எவரேனும் எண்ணினால் தவறு. தமிழ் தெரியாமலே வடகிழக்கில் இரவு பகலாக உழைத்துத் தாய்மாரின் உயிர்காத்த சிங்கள நிபுணர்கள் உண்டு. குருதிப்பெருக்கில் சாகக் கிடப்பவளுக்கு முதலில் தேவை கைத்திறன்தான், பேச்சல்ல. அதை மறுப்பவன் அறிவிலி. குருநாகலில் பணியாற்றும் தமிழ் நிபுணருக்குச் சிங்களம் தெரிய வேண்டும் என்பதும் இதே நியாயத்தின் மறுபக்கம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தப்ப முடியாது. விடுதியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே தமிழ்த் தாயைக் கடந்து செல்பவர்களும், தோட்டத்துப் பெண் என்று கண்டதும் "நீ", "வா", "போ" என்று ஒருமைக்கு இறங்குபவர்களும் நம்மவரிடையே இல்லையா? மொழி தெரிந்தும் பேசாதவரை மொழி தெரியாதவரைவிட எவ்வகையில் மேலானவர் என்பது?

தமிழில் இத்துறையைக் கற்பிக்க முடியுமா என்ற வினாவுக்கு யாழ்ப்பாணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே விடை சொல்லிவிட்டது. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1850களிலேயே "பிரசவ வைத்தியம்" என்ற நூல் தமிழில் வெளிவந்தது. நாம் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. நிபுணத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். உலக மருத்துவ ஏடுகள் அம்மொழியில்தான் உள்ளன. தாயோடு பேசுவது மட்டும் தாயின் மொழியில் நடக்கட்டும் என்கிறோம்.

இந்த நாடு தாய்மாரைக் காத்த வரலாறும் இதற்குச் சான்று. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 ஐயும் தாண்டியிருந்த தாய் மரணம் 2010களில் 40 க்குக் கீழே நின்றது. தென்னாசியாவில் இது பெருஞ்சாதனை. இதில் நிபுணர்களுக்கும் பங்குண்டு. குருதி வங்கிக்கும் மருந்துகளுக்கும் பங்குண்டு. ஆனால் 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே வீடுவீடாகச் சென்ற மருத்துவிச்சி, குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெண்ணின் பங்கு மிகப் பெரியது. அவளிடம் எம்.டி. இல்லை. தாயின் மொழி இருந்தது. தாய் அவளை நம்பினாள். நம்பியதால் வைத்தியசாலைக்கு வந்தாள்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, எம்.டி. இறுதிப் பரீட்சையில் பரீட்சார்த்தியின் இரண்டாவது அரசகரும மொழியில், அம்மொழி பேசும் பெண்ணொருத்தியுடன் உரையாடும் நிலையம் ஒன்று கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் தனியாகச் சித்தியடைய வேண்டும். பிற பாடப் புள்ளிகள் அதை ஈடு செய்யலாகாது. இரண்டாவது, பயிற்சிக் காலத்தில் சில மாதங்களையேனும் மற்ற மொழி பேசும் மக்கள் நடுவே கழிக்க வேண்டும். மூன்றாவது, வடக்கு, கிழக்கு, மலையகப் பெண்கள் தங்கள் உடலைப் பற்றிப் பேசும் சொற்களைக் குடும்பநல உத்தியோகத்தர்களின் துணையோடு தொகுத்துப் பயிற்சியாளர் கையில் கொடுக்க வேண்டும்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நிபுணர்கள் நாட்டைவிட்டு வெளியேறுகையில் இன்னுமொரு சுமையா என்று கேட்பார்கள். வெளியேறுபவர்கள் சம்பளத்துக்காகவும் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகவும் வெளியேறுகிறார்கள். தமிழ் படிக்கச் சொன்னதால் எவரும் வெளியேறவில்லை. புதிய கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் டொலர் வேண்டும். பரீட்சையில் ஒரு நிலையத்தைச் சேர்ப்பதற்கு டொலர் வேண்டியதில்லை. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கல்விச் சபை ஒருநாள் கூடித் தீர்மானித்தால் போதும். அந்தத் தீர்மானம் வரும்வரை, புள்ளி கிடைக்காத பாடமாகவே தாயின் மொழி இருக்கும். அப்பாடத்தில் நமது நிபுணர்கள் தோற்கும்போது அதன் விலையைத் தாய்மார் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.