உராய்வு... பார்த்தது யார்?

'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து.' சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கமிருந்து வரும் செய்திகளில் இந்த வரியை அடிக்கடி படித்திருப்பீர்கள். அறையில் இருந்தவர்கள் உயிரோடு இல்லை. அறையே இல்லை. அப்படியானால் உராய்வைப் பார்த்துச் சொன்னது யார்?

வழக்கு, ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருடையது. போட்டோகிராபர், கைரேகைப் பிரிவு எல்லாம் போலீஸ் ஆட்கள். ஆனால், இடிபாட்டைப் பார்த்து 'இங்கேதான் ஆரம்பித்தது' என்று சொல்ல வேண்டியவர் தடய அறிவியல் துறை விஞ்ஞானி. டிவி சீரியலில் வருவதுபோல துப்பாக்கியெல்லாம் கிடையாது. அவர் போலீஸ்காரரும் இல்லை. அது உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை. 1849ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக்கூடம்தான் அதன் வேர். இந்தியாவிலேயே அதுதான் முதல். 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணி, ஒயர், பேட்டரித் துண்டுகளை வைத்து 'குண்டு, ஒரு பெண்ணின் இடுப்பு பெல்ட்டில் இருந்தது' என்று நிறுவிய பேராசிரியர் ப.சந்திரசேகரன், இந்தத் துறையின் இயக்குநராக இருந்தவர்.

பட்டாசு ஆலையில் அவருடைய வேலை இன்னும் சிக்கல். குண்டு வெடித்த இடத்தில் வெடிமருந்து கிடைத்தால் அதுவே சாட்சி. இங்கே சுற்றிலும் மருந்துதானே! அதனால், 'என்ன வெடித்தது' என்பதைவிட 'எங்கே, ஏன்' என்பதுதான் கேள்வி. எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தரை எங்கே குழிந்திருக்கிறது, கூரைத் துண்டு எவ்வளவு தூரம் பறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து உள்ளே அளந்துகொண்டே போவார்கள். குழியில் ஒரு பிடி மண், பாதிப்பில்லாத தூரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிடி. தனித்தனியாகக் காற்றுப் புகாமல் அடைத்து, சீல் வைத்து, மகஜரில் சாட்சிக் கையெழுத்து. இதில் ஒரு லேபிள் மாறினால், கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

நேரமும் எதிரி. நைட்ரேட், பெர்குளோரேட் உப்புகள் தண்ணீரில் கரைந்துவிடும். தீயணைப்பு வண்டி பீய்ச்சும் தண்ணீர் உயிரைக் காக்க வந்தது. தடயத்தையும் கழுவிக்கொண்டு போகும். யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, உராய்வு என்றே வைத்துக்கொள்வோம். எதோடு எது உராய்ந்தது? மரத்திலோ பித்தளையிலோ இருக்க வேண்டிய கருவி இரும்பில் இருந்ததா? உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்க வாசலில் செம்புத் தகடு இருந்ததா? முந்தின நாள் மீந்த கலவையா? அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், யாரும் தொடாமலேயே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 4 பேர் வேலை செய்ய வேண்டிய அறையில் எத்தனை பேர்? வாசலில் கிடக்கும் செருப்பையும், தூக்குவாளியையும் எண்ணினாலே பாதி விடை வந்துவிடும். லைசென்ஸ் ஒருவர் பெயரில், உள்குத்தகை வேறொருவர் கையில் என்பதெல்லாம் அதற்கடுத்த கதை.

இதையெல்லாம் கேட்காமல் 'உராய்வு' என்று முடித்துவிட்டால், பழி கடைசியாக மருந்தைத் தொட்ட கையின் மேல் விழும். அந்தக் கை இப்போது இல்லை. மறுத்துப் பேச வீட்டில் ஒரு மனைவியோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோதான் மிச்சம்.

விசாரிக்காமல் முடிவு கட்டுவது திருத்தங்கலுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இந்த ஊர்க் கதை ஒன்று வருகிறது. அழகாக வேதம் ஓதிய சிறுவனுக்கு வழிப்போக்கர் ஒருவர் நகைகளைப் பரிசாகக் கொடுக்கிறார். நகையைக் கண்ட அரசு ஆட்கள், 'புதையலை எடுத்துக்கொண்டான்' என்று சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையில் போடுகிறார்கள். நகை எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்த பிறகே பாண்டியனுக்கு விஷயம் தெரிந்து, அவரை விடுவித்து, தங்கால் ஊரையே கொடுத்தாராம். இன்றைக்குக் கதவெல்லாம் மறுக்காது. ஆய்வறிக்கைதான் பேச வேண்டும்.

2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வந்தாக வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதற்குத் தேதி அறிவிக்க 5 ஆண்டு அவகாசம். ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவுக்கு அதிகபட்சம் 5 ஆண்டுதான். ஆக, எஃப்.ஐ.ஆரில் எந்தெந்தப் பிரிவுகள் எழுதப்படுகின்றன என்பதை, இழந்த குடும்பம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. முதல் புகையைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள். தூரத்தில் நின்றாலும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. முதலில் எந்த அறையில் புகை, எத்தனை நொடி கழித்து அடுத்த வெடி என்பது மொட்டைமாடியிலிருந்து எடுத்த செல்போன் வீடியோவில் பதிவாகியிருக்கலாம். அதை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல் அப்படியே இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் போவதற்கு முன்னால்.