கம்பி விலையும் கூலி விலையும்

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைப் பழைய ஆட்கள் இன்றும் பிட் ஸ்திரீட் என்றே சொல்லுகிறார்கள். 1801 இல் எழுந்த பள்ளிவாசலுக்கு எட்டிய தூரத்தில் நகைக் கடைகளும் காசு மாற்றும் கடைகளும் இருக்கின்றன. காசு மாற்றும் கடை ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பலகை. ரூபாயை வாங்கும் விலை இவ்வளவு, விற்கும் விலை இவ்வளவு என்று இரண்டு விலையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வட்டிக்காரன் வந்தாலும் பால் வெட்டுகிறவன் வந்தாலும் பலகை ஒன்றுதான்.

சென்ற மாதம் அந்தப் பலகையொன்றின் கீழே, ஐந்தடியில், ஒரு பெரியவரைச் சந்தித்தோம். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு மகன் வீட்டோடு இருக்கிறார். நாம் சங்கத்து ஆள் என்று தெரிந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு பில்களை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இது என்ன கணக்குன்னு சொல்லுங்க. பன்னெண்டு மாசம் எம்பத்து மூணு வெள்ளி சொச்சம் கட்டினோம். இப்ப தொண்ணூத்து நாலு கேக்குறான். நாங்க கூட ஒண்ணும் கேக்கலையே!"

பேரன் படிப்புக்காகப் போட்ட இண்டர்நெட்டும், அதோடு சேர்ந்து வந்த வீட்டு டெலிபோனும். பில்லைப் படித்தோம். முதல் பில்லில் 79 வெள்ளி. சேவை வரி நூற்றுக்கு 6 வீதம் 4 வெள்ளி 74 காசு. ஆக 83 வெள்ளி 74 காசு. இரண்டாவது பில்லில் 89 வெள்ளி. வரி 5 வெள்ளி 34 காசு. ஆக 94 வெள்ளி 34 காசு. ஒப்பந்தமோ இருபத்து நான்கு மாதத்துக்கு. பத்து வெள்ளிச் சலுகையோ பன்னிரண்டு மாதத்துக்கு. நடுவில் விட்டு விலகினால் தண்டம். கம்பெனியைக் கேட்டால், "விலை ஏறவில்லை, சலுகை முடிந்தது" என்பார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் பெரியவர் வீட்டுக் கைக்கு அது விலையேற்றமேயன்றி வேறென்ன?

2025 இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு அறுபத்தைந்து வெள்ளி சொச்சம். அப்படியானால் இந்தக் கம்பிக்கு மட்டும் மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாள் கூலி போகிறது. அரிசிக்கும் மீனுக்கும் முன்னால் இதைக் கட்டவேண்டியிருக்கிறது. 2020 இல் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு வீட்டிலிருந்து படி என்றார்களே, அன்று முதல் இது ஆடம்பரம் அன்று.

விலை எப்படி நிர்ணயமாகிறது என்று பார்ப்போம். கம்பி வியாபாரம் ரொட்டி வியாபாரம் போன்றதல்ல. ரொட்டிக்கடைக்காரனுக்கு நூறு ரொட்டிக்கு நூறு ரொட்டியின் மாவு வேண்டும். கம்பிக்காரனுக்கோ செலவெல்லாம் முதலிலேயே: குழி தோண்டுவது, கம்பம் நடுவது, கண்ணாடி இழையை இழுப்பது, நிலையம் கட்டுவது. தெருவில் கம்பி வந்துவிட்ட பிறகு இன்னொரு வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பதில் செலவு கொஞ்சந்தான். ஆகவே பில்லில் உள்ள தொகைக்கும் அந்த வீட்டுக்கு ஆகும் செலவுக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. அந்தத் தெருவில் வேறு கம்பிக்காரன் உண்டா, அரசாங்கம் வரம்பு போட்டிருக்கிறதா, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் விலையைத் தீர்மானிக்கின்றன.

அந்தக் கம்பியை யார் போட்டார்கள்? 1987 வரை டெலிபோன் அரசாங்க இலாகா. அந்த வருடம் அதைக் கம்பெனியாக மாற்றினார்கள். 1990 இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். இலாகா காலத்தில் கம்பம் தூக்கி, கம்பி இழுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. பிறகு 2008 இல் அதிவேகக் கம்பி போட அரசாங்கமும் டெலிகாம் மலேசியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது மொத்தச் செலவு 1,130 கோடி வெள்ளி என்றார்கள். அதில் 240 கோடி பொதுப்பணம். ஆகவே இந்தக் கம்பியில் பெரியவருடைய வரிப்பணமும் இருக்கிறது. பிச்சை கேட்பதுபோல் பேசவேண்டியதில்லை.

இப்போது காசு மாற்றும் கடைப் பலகைக்கு வாருங்கள். கம்பி வியாபாரத்திலும் இரண்டு விலை உண்டு. கம்பியின் சொந்தக்காரன் மற்றக் கம்பெனிகளுக்குக் கம்பியை வாடகைக்கு விடும் மொத்த விலை ஒன்று. வீட்டில் நாம் கொடுக்கும் சில்லறை விலை மற்றொன்று. மொத்த விலை உயர்ந்து நின்றால் போட்டிக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் மலிவாக விற்க முடியாது. 2018 இல் தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த மொத்த விலைக்கு உச்சவரம்பு போட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது அமைச்சராயிருந்தவர் கோபிந்த் சிங் டியோ. அந்த வருடக் கடைசிக்குள் வீட்டு இண்டர்நெட் விலை சராசரி ஏறக்குறையப் பாதிக்கு இறங்கியது. முதலாளிமார் மனம் இளகி இறங்கியதல்ல; பலகையை மாட்டியதால் இறங்கியது.

ஆனால் அந்த மலிவு யாருக்கு முதலில் கிடைத்தது? கண்ணாடி இழை வந்த பட்டணத்து வீட்டுக்கு. பழைய செம்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த கிராமமும் தோட்டமும் குறைந்த வேகத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டேயிருந்தன. கூச்சல் எழுந்த பிறகு, 2019 இல்தான் செம்புக் கம்பிக்காரர்களுக்கு 69 வெள்ளித் திட்டம் வந்தது. ஊமைக்கு ஒரு விலை, வாயுள்ளவனுக்கு ஒரு விலை என்பது தோட்டத்தில் நாம் அறியாததா?

"முன்னைவிட இப்போது வேகம் பத்து மடங்கு, ஆகவே விலை குறைந்துவிட்டது" என்று ஒரு வாதம் வரும். அது பொய்யல்ல. ஒரு மெகாபிட்டுக்கு என்று வகுத்தால் விலை வீழ்ந்துதான் இருக்கிறது. ஆனால் அரிசியைக் கிலோவுக்கு மலிவாக்கிவிட்டு, ஐம்பது கிலோ மூட்டையாகத்தான் விற்பேன் என்று கடைக்காரன் சொன்னால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது என்ன மலிவு? பேரன் பாடம் பார்க்க நூறு மெகாபிட் தேவையில்லை. சிறிய மூட்டை வேண்டும், அதுவும் சலுகை என்ற பெயரில் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும் அல்ல.

பிற தேசங்களில் நடப்பதையும் பாருங்கள். இலங்கையில் ரூபாய் சரிந்த 2022 ஆம் வருடம் செப்டம்பரில், டெலிபோன், இண்டர்நெட் கட்டணங்களை நூற்றுக்கு 20 ஏற்ற ஆணையமே அனுமதி கொடுத்தது. அங்குள்ள தேயிலைத் தோட்டத்து உறவினருக்கு அன்று கூலி அப்படி ஏறியதா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் 2016 இல் ஜியோ இலவசமாக வந்தது, ஜனங்கள் கொண்டாடினார்கள், சிறிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் சில நாட்களுக்குள் கைத்தொலைபேசிக் கட்டணத்தை ஏற்றின. பிரிட்டனில் நடந்தது இன்னும் விசித்திரம். ஒவ்வொரு வருடமும் பணவீக்கம் எவ்வளவோ அவ்வளவு, அதற்கு மேல் நூற்றுக்கு 3.9 என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 2023 இல் பிடி கம்பெனி அந்தச் சூத்திரப்படி 10.5 உடன் 3.9 கூட்டி, நூற்றுக்கு 14.4 ஏற்றியது. 2025 ஜனவரியிலிருந்து புதிய ஒப்பந்தங்களில் இந்தச் சூத்திரம் கூடாது, ஏற்றுவதானால் எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் என்று முதலிலேயே சொல்லவேண்டும் என்று அங்குள்ள ஆணையம் தடை போட்டது.

இந்தச் சூத்திரத்தைப் படித்தபோது நமக்குப் பழைய ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ஒரு காலத்தில் பால் வெட்டுகிறவன் கூலியை ரப்பர் விலையோடு கட்டிவைத்திருந்தார்கள். லண்டனிலும் சிங்கப்பூரிலும் விலை இறங்கினால் நமது லயத்தில் அடுப்பு இறங்கும். மரம் அதே மரம், கத்தி அதே கத்தி, விடியற்காலைப் பெரட்டும் அதே பெரட்டு. சந்தையின் ஆபத்தைத் தொழிலாளி தலையில் வைத்தார்கள். இப்போது கம்பிக்காரர்கள் வாடிக்கையாளர் தலையில் வைக்கிறார்கள். இரண்டு சூத்திரத்தையும் எழுதியவர்கள் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

வீட்டு டெலிபோனைப் பற்றி ஒரு வார்த்தை. செம்புக் கம்பியை வைத்திருப்போர் தொகை வருடா வருடம் குறைகிறது. கம்பியைக் காப்பாற்றும் செலவோ அதே அளவில் குறைவதில்லை. மிஞ்சியவர்கள் தலைக்கு அதிகம் விழுகிறது. கண்ணாடி இழைக்கு மாறினால் டெலிபோன் ஒரு பெட்டியில் தொங்குகிறது. மின்சாரம் போனால் அதுவும் போகும். பழைய டெலிபோனுக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. தனியாக இருக்கும் கிழவியின் வீட்டில் ராத்திரி மின்சாரம் நின்றால் யாரைக் கூப்பிடுவாள் என்பதை எந்த விளம்பரத்திலும் பார்க்கவில்லை.

தோட்டத்தின் தனிக் கஷ்டம் வேறு. தோட்டம் தனியார் நிலம். நிர்வாகம் வழிவிடாமல் கம்பம் நட முடியாது. சில இடங்களில் ஒரே ஒரு கம்பிக்காரன். சில இடங்களில் அதுவும் இல்லை, கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறவேண்டும். போட்டி இல்லாத இடத்தில் போட்டியால் விலை இறங்கும் என்பது ஏட்டுச் சுரைக்காய். தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கட்டாயம் என்று 1990 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அந்த வரிசையில் கம்பியையும் சேர்க்கும்படி சங்கம் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்கலாம். ஒரு லயத்தில் நாற்பது வீடு என்றால் நாற்பது தனித்தனி வாடிக்கையாளராகப் போகாமல் ஒரே வாடிக்கையாளராகப் போய் விலை பேசினால் என்ன? கூலியை அப்படித்தானே பேசினோம்.

பில்லைப் படிக்கப் பழகுவதும் சங்க வேலைதான். செக்ரோலில் ஒரு நாள் பெயர் விட்டுப்போனால் கிராணியைப் போய்க் கேட்கிறோம். பில்லில் பத்து வெள்ளி கூடினால் வாய் மூடி இருக்கிறோம். முறையீட்டுக்குத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் உண்டு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் தமிழிலும் பேசிவருகிறது.

பெரியவருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான்: ஒப்பந்தம் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், அதற்கு முந்திய மாதம் மகனை விட்டு மற்றக் கம்பெனியின் விலையை விசாரித்து, பிறகு இவர்களிடம் பேசச் சொல்லுங்கள். அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கடைக்காரரு மாதிரி வெளியே எழுதிப் போட்டா, பிட் ஸ்திரீட் வரைக்கும் நான் பெரி ஏறி வந்திருப்பேனா தம்பி?" என்றார். பில் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.