டேலியாக் கிழங்கின் கழுத்து

"டேலியா பனியில் கருகிவிட்டதே சாமி, பிடுங்கி எறிந்துவிடலாமா?" என்று மலைப் பங்குகளின் இல்லத்தலைவியர் மார்கழிதோறும் நம்மைக் கேட்பதுண்டு. எறியவேண்டாம் என்பதே நமது விடை. இவ்வளவு உறுதியாகச் சொல்லும் தகுதி நமக்கு எளிதில் வரவில்லை. பெரியதொரு பிழையைச் செய்த பின்னரே வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நீலகிரியில் பணிபுரிந்த காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பெங்களூரிலிருந்த தம் மகனிடம் குடிபெயர்ந்தார். புறப்படுமுன், தம் வீட்டு முற்றத்து டேலியாவை வேர்மண்ணோடு சாக்கில் கட்டிக் குருமனைக்குக் கொண்டுவந்தார். "என் தாயார் வைத்தது சாமி. இந்த நிறம் வேறெங்கும் கிடைக்காது" என்று மட்டும் சொன்னார். கருஞ்சிவப்பு இதழ்; நுனியில் மாத்திரம், சுண்ணாம்பில் தோய்த்தாற்போல் வெண்மை.

கிடைக்காது என்று அவர் சொன்னது மிகையன்று. மனிதர் முதலான பெரும்பாலான உயிர்களின் அணுக்களில் மரபுக்கூறுகள் இரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளன. தோட்டத்து டேலியாவிலோ எட்டுத் தொகுதிகள். ஆகையால் ஒரே பூவின் விதைகளை விதைத்தாலும் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று ஊதாவாகவும் மலரும். தாய்ச்செடியின் நிறம் அப்படியே திரும்புவது அரிது. அந்நிறம் நிலைக்கவேண்டுமானால் கிழங்கைக் காக்கவேண்டும், அல்லது அக்கிழங்கின் தளிரைப் பதியன் வைக்கவேண்டும். வேறு வழியில்லை.

அவ்வாண்டு உறைபனி விழுந்ததும் செடி ஓரிரவிலே கருகிற்று. தண்டை அறுத்துக் கிழங்கைத் தோண்டினோம். கொத்தாகப் பத்துப் பன்னிரண்டு கிழங்குகள்! மலைவாசம் நமக்கு உருளைக்கிழங்குப் பயிரைக் கற்பித்திருந்தது. எனவே ஒவ்வொன்றையும் ஒடித்தெடுத்து, அழகாகக் கழுவி, அறுத்த தண்டின் அடிக்கட்டையைக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டோம். பங்குனியில் பன்னிரண்டையும் நட்டு நீர் வார்த்தோம். சித்திரை சென்றது, வைகாசியும் சென்றது. ஒன்றேனும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது சில அழுகியிருந்தன. சில மண்ணுக்குள் இட்டபடியே கல்போல் கிடந்தன.

காரணத்தைப் பின்னர் அறிந்தோம். உருளைக்கிழங்கு தண்டின் திரிபு. ஆதலால் அதன் உடலெங்கும் கண்கள் உண்டு. டேலியாக் கிழங்கு வேரின் திரிபு. அதற்குக் கண் கிடையாது. முளைக்கும் கண்களெல்லாம், கிழங்கு வந்து சேரும் தண்டின் அடிக்கழுத்திலே இருக்கின்றன. கழுத்தில் ஒரு துண்டேனும் ஒட்டியிராத கிழங்கு எத்துணைப் பருத்திருப்பினும் பயனற்றது. நாம் கிழங்குகளைப் பேணி, உயிரைக் குப்பையில் போட்டிருந்தோம்!

இச்செடி ஏன் உறங்குகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். இதன் தாயகம் மெக்சிகோவின் மேட்டுநிலம். அங்கே கோடையில் மழை, குளிர்காலமோ வறட்சி. அவ்வறட்சியைக் கடப்பதற்கே கிழங்கு. மெக்சிகோ நகரத் தாவரத்தோட்டத்திலிருந்து விசென்தே செர்வாந்தெஸ் என்பார் (புகழ்பெற்ற நாவலாசிரியர் அல்லர்) 1789-இல் அனுப்பிய விதைகளை மாட்ரிட் நகரில் முளைக்கச்செய்து, 1791-இல் அதற்கு டேலியா என்று பெயரிட்டவர் அந்தோனியோ ஹோசே கவனில்யெஸ் என்னும் குருவானவர். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் ஆந்தர்ஸ் டாலின் நினைவாக இட்ட பெயர் அது. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் மண்ணே உறைந்துபோவதால், கிழங்கைத் தோண்டி நிலவறையில் வைக்கும் வழக்கம் வேரூன்றியது. நம் மலைகளில் உறைபனி அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை. இங்கே கிழங்கின் முதற்பகை குளிரன்று, ஈரம்.

ஆகவே இலை கருகியபின் தண்டை ஒரு சாண் விட்டு அறுங்கள். ஓரடி தள்ளி மண்வெட்டியை ஊன்றிக் கொத்தை முழுதாக நெம்பி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். தண்டு குழல்போன்றது. அதில் நீர் தேங்காதபடி சில நாள் தலைகீழாக நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலிலோ மரத்தூளிலோ புதைத்து வையுங்கள். அடுப்பங்கரை ஆகாது, சூட்டில் கிழங்கு சுருங்கிவிடும். எலிக்கும் அது விருந்து. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, அழுகியதை நீக்கி, சுருங்கியதன்மேல் சிறிது நீர் தெளித்தால் போதும்.

பிரிப்பதற்கு அவசரம் வேண்டா. மாசி பங்குனியில் கழுத்தில் குண்டூசித் தலையளவு கண்கள் புடைக்கும். அப்போது கூரிய கத்தியால், ஒவ்வொரு கிழங்கோடும் ஒரு கண் சேருமாறு பிளந்து, அரையடிக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் நடுங்கள். முதலில் ஊன்றுகோல், பிறகே கிழங்கு. மாற்றிச் செய்தால் கோல் கிழங்கைக் குத்தும். தளிர் வெளிவரும்வரை நீரைக் கையடக்கிக் கொள்ளவேண்டும். நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும், பூவும் பெருகும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டுவோர் இலையைத்தான் காண்பர்.

சமவெளியில் தொட்டியில் அமரில்லிஸ் வளர்ப்போர்க்கும் ஒரு சொல். அது வெங்காயம் போன்ற குமிழ்க்கிழங்கு. பூ முடிந்ததும் இலையை அறுத்துவிடுகிறார்கள். அந்த இலைதான் அடுத்த பூவுக்கு உணவு சேர்ப்பது. அது ஓங்கி வளரட்டும். பின்னர் இரண்டு மாதம் நீரை நிறுத்தி உறங்கவைத்து, மீண்டும் நீர் வாருங்கள்.

நம் கதைக்கு வருவோம். அவ்வாண்டு ஆடிமாதத்தில் உபதேசியார் குப்பைக்குழியருகே நின்று நம்மை அழைத்தார். எறிந்த அடிக்கட்டை, தன்னோடு ஒட்டியிருந்த விரலளவுக் கிழங்குத் துணுக்கைக்கொண்டு, மூன்று தளிர் விட்டிருந்தது. பூ வருமுன் பனிக்காலம் வந்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டே அந்த வெண்ணுனிச் சிவப்பைக் கண்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு மாசி மாதத்தில், ஆசிரியை கல்லறை மந்திரிப்புக்காக மலைக்கு வந்தார். பெங்களூர் வீட்டு மாடியில் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு கிழங்கு கேட்டார். நாம் மணலிலிருந்து எடுத்துக் கொடுத்ததை உடனே பையில் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கட்டைவிரலால் கழுத்தைத் தடவிக் கண் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே செய்தித்தாளில் சுற்றினார்.