கல்லாவுக்கு மேலே தொங்கும் சரங்கள்



மாகறலில் நாற்பது வருடங்களாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். இப்போது எழுதுவது சிலருக்குக் கசக்கும். எனக்கும் கசந்தது.

சென்ற மாதம் என் பேத்தியைக் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எடை 41 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிட்டது என்றார். "குழந்தை என்ன சாப்பிடும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் குடோனில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. நம் நாட்டில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் ஒன்றேகால் கோடி. 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. அறுபது வயதில் நமக்கு வந்த சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வரலாம்.

பணக்கார வீட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். நம் பக்கம் அப்பா அம்மா இருவரும் தறியில் உட்கார்ந்திருப்பார்கள். அழுகிற பிள்ளை கையில் பத்து ரூபாயைத் திணித்தால் அது நேராக நம் கடைக்குத்தான் ஓடி வருகிறது. பள்ளியில் காலைச் சிற்றுண்டி, மதியம் முட்டையோடு சாப்பாடு என்று அரசு போடுகிறது. வாசலில் நாம் சிப்ஸ் சரம் தொங்கவிடுகிறோம். 200 மில்லி குளிர்பானம் பலவற்றில் இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை. காபியில் யாராவது அவ்வளவு போட்டுக் குடிப்போமா?

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதிகாரி வந்து அபராதம் போட்ட பிறகு சங்கத்துக்கு ஓடி வருவதைவிட, இப்போதே நாமாகச் செய்வது மரியாதை.

"நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார்" என்பீர்கள். நியாயம்தான். தனி ஒருவர் நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம். அதனால்தான் சங்கத்தில் பேசி, பள்ளியை ஒட்டிய கடைகள் எல்லாம் ஒரே நாளில் சரங்களை இறக்க வேண்டும் என்கிறேன். முன்னால் கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலை, பொரி உருண்டை, வாழைப்பழம் வையுங்கள். கடலை மிட்டாயிலும் வெல்லம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று தின்றால் வயிறு நிற்கும். மழைக்காலத்தில் நமுத்துப் போகும் என்பதும் உண்மை, மூடி இறுக்கமான ஜாடி வேண்டும்.

பத்து சரம் எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஸ்கீம் போட்டு உங்கள் தலையில் கட்டியவனே நான்தான். பள்ளிக்கூடத் தெருக் கடைகளுக்கு இந்த மாதத்திலிருந்து அந்த ஸ்கீம் கிடையாது. கடலை மிட்டாய் எடுப்பவர்களுக்கு ஒரு மாதக் கடன் தருகிறேன். விற்காததைத் திருப்பியும் எடுத்துக்கொள்கிறேன்.