மும்பையில் ஓட்டம், எட்டாத உச்சம்!

ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்பே மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் எதிரே ஆயிரக்கணக்கானோர் திரண்டு விடுகின்றனர். 2004 பிப்ரவரியில் தொடங்கிய மும்பை மாரத்தான், கரோனா நோய்த்தொற்று காரணமாக 2021, 2022 ஆண்டுகளில் மட்டும் நடைபெறவில்லை. தொண்டு நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் நிதி திரட்டித் தருவதும், சாமானியர்களிடம் ஓடும் பழக்கத்தை வளர்த்ததும் இப்பந்தயத்தின் சாதனைகள் என்பதில் ஐயமில்லை.

இங்கு வென்றவர்களின் பட்டியலும் பெருமைக்குரியதே. முதல் பந்தயத்தில் வாகை சூடிய தென்னாப்பிரிக்காவின் ஹெண்ட்ரிக் ராமாலா, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானையும் வென்றார். 2007, 2008 ஆண்டுகளில் முதலிடம் பெற்ற கென்யாவின் ஜான் கெலாய், 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டியில் மாரத்தான் தங்கம் வென்றார். 2017-இல் மும்பையில் வென்ற தான்சானியாவின் அல்போன்ஸ் சிம்பு, 2025-இல் டோக்கியோவில் ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் உலக சாம்பியனானார். பாஸ்டன் மாரத்தானை வென்ற எத்தியோப்பியாவின் ஹைலே லெமி, 2023-இல் 2 மணி 7 நிமிடம் 32 விநாடிகளில் ஓடி மும்பையின் சாதனையைப் புதுப்பித்தார்.

அதே 2023-இல் இந்தியர்களில் முதலாவதாக வந்த கோபி எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 16 நிமிடம் 41 விநாடி. ஒன்பது நிமிட இடைவெளி என்பது மாரத்தானில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவு. உலக வீரர்களை ஆண்டுதோறும் நம் மண்ணுக்கே வரவழைத்தும், அவர்களுக்கு ஈடுகொடுக்கும் வீரர்களை நம்மால் உருவாக்க முடியவில்லை என்பதே உண்மை.

முடியாததா இது? பிகாரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றிய சிவநாத் சிங், வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர். 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது இடம் பிடித்தார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடங்களில் அவர் ஓடிய ஓட்டம், 2004-இல் ராமாலா மும்பையில் வென்ற நேரத்தைவிட மூன்று நிமிடங்களுக்கும் மேல் குறைவானது. அந்தத் தேசிய சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த இந்தியராலும் முறியடிக்க இயலவில்லை. இது சிவநாத் சிங்குக்குப் பெருமை. நமது தடகள நிர்வாகத்துக்குத் தலைகுனிவு.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு 2016 மும்பை பந்தயம் சான்று. சக வீரர் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் அமைத்துக் கொடுப்பதற்காக ஓடிய கோபி, பாதியில் நின்றுவிடாமல் பந்தயத்தை முடித்து, இந்தியர்களில் இரண்டாவதாக வந்து ஒலிம்பிக் தகுதியும் பெற்றார். அவ்வாண்டு ரியோவில் கோபி 25-ஆவது இடத்தையும் கேதா ராம் 26-ஆவது இடத்தையும் பிடித்தனர். 2017-இல் ஆசிய மாரத்தான் பட்டத்தையும் கோபி வென்றார். ராவத், கோபி, கேதா ராம் மூவருமே ராணுவ வீரர்கள். ராணுவத்துக்கு வெளியே, ஒரு கிராமத்து இளைஞர் முழுநேர ஓட்டக்காரராக வாழ வழியில்லை என்பதையும் இது உணர்த்துகிறது.

மும்பையில் இந்தியர்களுக்கெனத் தனிப் பரிசு வழங்கப்படுவது வரவேற்கத்தக்கது. ஆனால், தமக்குள் முந்தினால் போதும் என்கிற மனநிறைவை அது தந்துவிடலாகாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடி முடிக்கும் இந்தியருக்குப் பெருந்தொகை அறிவிக்கலாம். மலைப்பகுதிகளில் நீண்டகாலப் பயிற்சி, ஆண்டுக்கு ஓரிரு வெளிநாட்டுப் பந்தயங்கள், பள்ளி நிலையிலேயே நெடுந்தொலைவு ஓட்டத்தில் திறமை உள்ளோரைக் கண்டறிதல் ஆகியவற்றுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகமும் தடகள சம்மேளனமும் பொறுப்பேற்க வேண்டும்.

ஒரு நாள் ஓட்டத்துக்காகப் பெருநகரின் சாலைகளை மூடி, விளம்பரதாரர்களைத் திரட்ட நமக்குத் தெரிந்திருக்கிறது. அதே முனைப்பை ஆண்டின் மற்ற நாள்களிலும் காட்டினால்தான் வெற்றி மேடையில் இந்தியர் ஏறுவார். அதுவரை நாம் நல்ல விருந்தோம்பிகள் மட்டுமே.