கானாவின் சிரிப்புக்கு ஒரு வக்காலத்து

மார்கழி பிறந்ததும் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் கச்சேரி விமர்சனங்கள் நாளேடுகளை நிறைப்பது பழைய வழக்கம். நீலம் பண்பாட்டு மையம் 2020இல் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கிய பிறகு பறைக்கும் ஒப்பாரிக்கும் வடசென்னையின் கானாவுக்கும் அதே பக்கங்களில் ஓரளவு இடம் கிடைத்துவருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆயினும் இவ்வாரம் வாசிக்கக் கிடைத்த எழுத்துகளிலும் சபா வித்வானுக்குக் கற்பனை வளம், கமகச் செறிவு, விறுவிறுப்பு, நகைச்சுவை எனச் சொற்கள் தாராளமாக வழங்கப்பட, மக்களிசைக் கலைஞருக்குக் ‘கோபம்’, ‘வலி’, ‘எழுச்சி’ ஆகிய மூன்று மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த ஓரவஞ்சனை குறித்து இப்பத்தி முன்பும் முறையிட்டிருப்பதைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். குறை தீராதவரை முறையீடும் நிற்காது.

கோபம் மட்டுமே காதில் விழுந்ததால் பாதிதான் கேட்கப்பட்ட குழுவென்று ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைச் சொல்லலாம். அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட ‘சாதிபேதமற்ற’ என்னும் தொடரிலிருந்து பெயரெடுத்து, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைக்க, கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் ராக் இசைஞர்களுமாக 19 பேர் 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறினர். கானாவின் நடை பெரும்பாலும் திஸ்ரம், அதாவது ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிந்து ஓடுவது. ராக் டிரம்ஸோ பெரும்பாலும் சதுஸ்ரத்தில், நான்காகப் பிரிந்து நடப்பது. இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஏற்றும்போது சட்டியும் டோலக்கும் முன்னே இழுக்க, மின்கிட்டார் பிடித்து நிறுத்துவது போன்றதொரு இழுபறி உண்டாகிறது. அந்த இழுபறியிலேயே பாதிச் சிரிப்பு பிறந்துவிடுகிறது. மாட்டுக்கறியைப் பற்றிய பாட்டானாலும் இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டானாலும் எதிராளியின் வாதத்தை அவர்கள் முதலில் கிண்டலால் தளர்த்திவிட்டுத்தான் கேள்விக்கு வருகிறார்கள். விமர்சனங்களில் கேள்வி பதிவாகிறது, கிண்டல் பதிவாவதில்லை.

மேலைநாட்டுக் குழுக்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. வணிக வானொலியின் வாய்பாட்டுக்கு வெளியே வளர்ந்த கிட்டார் இசையை ஆல்டர்நேட்டிவ் ராக் என்பர். அவ்வகையில் ‘தே மைட் பி ஜயன்ட்ஸ்’ என்னும் அமெரிக்கக் குழு 1990இல் வெளியிட்ட ‘ஃபிளட்’ தொகுப்பில், குழந்தையின் அறையிலிருக்கும் பறவை வடிவ இரவு விளக்கு ஒன்று தன் பெருமையைத் தானே பேசும் பாட்டு உண்டு. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது ஆறாம் இடம்வரை சென்றது. இரவு விளக்கு ஏன் பேசுகிறது, அதில் எழுச்சி எங்கே என்று எவரும் கேட்டதில்லை. விசித்திரமே அதன் தகுதியாக ஏற்கப்பட்டது.

விளக்கு பேசுவது வியப்பென்றால், மீன்கள் கல்யாணம் செய்துகொள்வது அதற்கு எவ்வகையில் குறைந்தது? மிஷ்கின் இயக்கிய ‘சித்திரம் பேசுதடி’ 2006இல் வெளிவந்தபோது கானா உலகநாதன் பாடிய வாளமீன்–விலாங்குமீன் கல்யாணப் பாட்டு தமிழ்நாடெங்கும் ஒலித்தது. அதைக் குத்துப்பாட்டு என்று ஒதுக்கியவர்கள் அதன் கட்டுமானத்தைக் கவனிக்கவில்லை. சென்னாக்குன்னி, அதாவது கருவாட்டுக் கடையில் படியால் அளந்து விற்கப்படும் பொடி இறால், கூட்டமாக ஊர்வலம் போகிறது. வஞ்சிரம் மேளதாளத்தோடு வருகிறது. பாறை மீனும் அக்கூட்டத்தில் உண்டு. காசிமேட்டு மீன் ஏலத்தில் வஞ்சிரத்துக்கு இருக்கும் மதிப்பையும் சென்னாக்குன்னியின் மலிவையும் அறிந்தவர்க்கே இப்பந்தியின் வேடிக்கை முழுதாக விளங்கும். ஏனெனில் சந்தையில் ஒருபோதும் ஒரே தட்டில் வைக்கப்படாதவை இங்கே ஒரே கல்யாணத்தின் உறவினர்களாகின்றன. சமத்துவத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் அதை நிகழ்த்திக் காட்டிவிடும் இப்பாட்டு, தமிழ்த் திரைப்பாட்டில் நிகழ்ந்த மிகச் சிறந்த அங்கதங்களுள் ஒன்று என்பது இப்பத்தியின் உறுதியான கருத்து.

இச்சிரிப்பின் ஊற்று சாவு வீட்டில் இருக்கிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் ரயில்வே பணிமனைகளிலும் உழைத்த மக்கள் குடியேறிய வடசென்னைக் குடியிருப்புகளில், பிணம் எடுக்கும்வரை இரவெல்லாம் விழித்திருக்கப் பாடப்படுவது மரண கானா. சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதக் கோப்பையில் தேநீர், கண்ணாடிப் பெட்டிக்குத் தலைமாட்டில் விளக்கு. முன்னிரவில் தாயையும் பிரிவையும் பாடி அழவைக்கும் பாடகர், நடுச்சாமம் தாண்டியதும் இறந்தவர் டீக்கடையில் கடன் சொன்னதையும் மருமகனிடம் முறுக்கிக்கொண்டதையும் எடுத்து விடுவார். அழுது ஓய்ந்த அக்காவும் சித்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவமதிப்பாக எவரும் அதைக் கருதுவதில்லை, செத்தவர் இன்னும் ஓர் இரவு அந்த வீட்டு மனிதராகவே இருக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையுமில்லை. புழலிலும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வளர்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இசை விமர்சகர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

இச்சிரிப்பு எப்போதும் நியாயமாக நடந்துகொண்டது என்றும் சொல்வதற்கில்லை. பெரும்பாலும் ஆண்களின் கலையாகவே இருந்துவந்த கானாவில், காதலித்துக் கைவிட்ட பெண்ணைத் தூற்றும் பாட்டுகள் ஏராளம். கல்லூரி மாணவர்கள் பேருந்துத் தகரத்தில் தாளம் தட்டிப் பாடுபவற்றில் காது கூசுபவையும் உண்டு. அந்த ஆண் குரலின் நடுவே இராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி மேடையேறியதுதான் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் நிகழ்த்திய பெரிய மாற்றம். பிபிசி 2020இல் அவரை நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. சபரிமலையில் பெண்கள் நுழைவது குறித்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்ததை ஒட்டி எழுந்த சர்ச்சையின் பின்னணியில் அமைந்த அவருடைய ஐயப்பன் பாட்டு, மன்னிப்புக் கேட்கும் பெண்ணின் பணிவோடு தொடங்கி, உள்ளே வந்தால் என்ன தவறு என்று அதே குரலில் கேட்கிறது. கேள்வி கடுமையானது, குரலோ செல்லம் கொஞ்சுவது. கானாவில் கிண்டலுக்கு இலக்காக மட்டுமே இருந்த பெண் கிண்டல் செய்பவளாக மாறும்போது பழைய தாளமும் பழைய மெட்டும் இருந்தபடியே இருக்கின்றன, சிரிப்பின் திசைதான் மாறுகிறது. அப்பாட்டைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்த சண்டையில் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் கருத்தைப் பற்றியே பேசினர். இசைவாணி ஒரு சொல்லை எவ்வளவு நேரம் இழுத்து, எந்த இடத்தில் சட்டென விடுகிறார் என்பதைப் பற்றி இசைப் பக்கங்கள்கூட வாய் திறக்கவில்லை.